பட்டைக் கணக்கு: இரணைதீவுக் கடலில் ஆறு நாள்

முதலாம் நாள்

கிளிநொச்சியில் காலை பஸ் ஏறி, பரந்தன், பூநகரி தாண்டி, ஏ32 வீதியில் முழங்காவிலில் இறங்கினேன். பெரியப்பா தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிய துண்டு சட்டைப் பையில் இருந்தது. ரெசின் நாலு கிலோ, ஹார்டனர் ஒரு சின்னப் போத்தல், பைபர் பாய் மூன்று மீற்றர், அரத்தாள், தின்னர், நைலோன் நூல், சாக்கு ஊசி இரண்டு, பிளக் ஒன்று. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓட்டோவில், இரணைதீவுக்கு எதிரே உள்ள இரணைமாதாநகர் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சோற்று நேரம்.

வள்ளம் கரையோரத் தண்ணீரில் கட்டிக் கிடந்தது. இருபது அடி. மரத்தில் கட்டிய பழைய வள்ளம், பிறகு அதன் மேல் பைபர் பூசியிருக்கிறார்கள். உள்ளே பலகைகளைத் தாங்கும் வங்குக்கால்கள் எல்லாம் வேம்பு. இயல்பாகவே வளைந்து வளர்ந்த கொப்புகளாகப் பார்த்து எடுத்தவை. பின்பக்கம், கடையாலில், மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன என்ஜின் ஒன்று, நடுவில் சவுக்குப் பாய்மரம்.

இந்தப் பாய்மரம் 2022இல் வந்தது. அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். ஓகஸ்ட்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. கரையில் பாதி வள்ளங்கள் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தன. பெரியப்பா சின்ன வயதில் தன் தகப்பனோடு பாய் இழுத்த கை. ஒரு தறப்பாளை வெட்டி, மூங்கிலில் கட்டி, மூன்றே நாளில் கடலுக்குப் போய்விட்டார். எண்ணெய் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் பாயைக் கழற்றவில்லை.

அந்தப் பாயும் இந்த வள்ளமும் எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சித்திரை வருடப்பிறப்பு லீவோடு இன்னும் சில நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். வைகாசி நடுவில் சோளகம், தென்மேற்குக் காற்று, எழும்பிவிடும். அதற்குள் கசிவை அடைக்கவேண்டும்.

"கரையில ஏத்தினா ஓட்டை தெரியாது தம்பி. தண்ணியில கிடந்து, ஓடி, அலையில அடிபட்டாத்தான் எங்கால வருதெண்டு தெரியும்," என்றார் பெரியப்பா. எனவே ஆறு நாளும் வீடு வள்ளம்தான். முன்பக்கம், அணியத்தில், சாமான், நடுவில் மணல் நிரப்பிய தகரப்பெட்டியில் அடுப்பு, குறுக்குப் பலகைகளின் மேல் பாய் விரித்துப் படுக்கை. இருபது லீற்றர் கேன்களில் நல்ல தண்ணீர் நாலு. அதில் முகம் கழுவக்கூடாது.

படுக்கும் முன் ஐந்து லீற்றர் எண்ணெய்க் கேனைச் சாய்வாக வெட்டிச் செய்த பட்டையைக் கையில் தந்தார். அடியில் ஒரு சொட்டும் இல்லாமல் இறைத்துத் துணியால் ஒற்றி எடுத்தோம். "விடிய எத்தினை பட்டை எண்டு எண்ணு. பொய்க்கணக்குச் சொல்லாத."

இரண்டாம் நாள்

நாற்பத்தொரு பட்டை.

ஒரு பட்டைக்கு மூன்று லீற்றர் பிடிக்கும். ஒரு இரவில் நூற்றிருபது லீற்றருக்கு மேல் உள்ளே வந்திருக்கிறது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பனித்தண்ணீர் எவ்வளவு, கடல்தண்ணீர் எவ்வளவு என்று உப்பு சொல்லிவிடுமாம். இது முழுக்கக் கடல்.

விடிவதற்கு முன் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வரும். கரைக்காற்று என்பார்கள். வன்னிக் காடு இரவில் குளிர்ந்து மூச்சு விடுவது போல மெல்ல வரும், எரித்த வைக்கோல் மணத்தையும் கொண்டுவரும். அதைப் பிடித்துப் போனால் என்ஜின் தேவையில்லை. மத்தியானத்துக்குப் பிறகு நிலம் சூடேற, காற்று மேற்கிலிருந்து திரும்பும், அதில் கரைக்கு வரலாம். சோளகமும் வாடையும் இல்லாத இந்தச் சித்திரை மாதத்தில் கடல் இப்படி நாளுக்கு இரண்டு தடவை தானாகவே பாதை போட்டுத் தரும்.

கடற்படைக் காவலில் பெயர் பதிந்துவிட்டுக் கிளம்பினோம். ஆஞ்சான் கயிற்றை இழுத்தால் பாய் மேலே ஏறும். தாமான் கயிற்றைப் பிடித்தால் காற்று பாயில் நிற்கும், விட்டால் வடியும். நான் தாமானைக் கையில் சுற்றிப் பிடித்தேன். பெரியப்பா உடனே தட்டிவிட்டார். "சுத்தாத! பிடி மட்டும். திடீரெண்டு காத்து அடிச்சா விரல் போயிடும்." அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் பேசவில்லை. அணியத்தில் தண்ணீர் கிழிபடும் சத்தம் மட்டும்.

இரணைதீவு இரண்டு தீவு: பெருந்தீவும் சிறுதீவும். 1992இல் எங்கள் சனம் முழுவதும் அங்கிருந்து இடம்பெயர்ந்தது. கரையில் குடியேறிய ஊருக்கு இரணைமாதாநகர் என்று பெயர் வைத்து, தீவைப் பார்த்துக்கொண்டே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தார்கள். 2017 மே மாதம் தீவுக்குத் திரும்பக் கேட்டுப் போராட்டம் தொடங்கியது. 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக் கொடிகளோடு வள்ளங்களில் தாங்களாகவே போய் இறங்கினார்கள். பெரியப்பாவும் அதில் ஒருவர். அன்று இறங்கிய அதே இடத்தில்தான் இன்றும் நங்கூரம் போட்டார். மாதா கோயிலுக்குப் போய், செருப்பைக் கழற்றி, கொஞ்ச நேரம் நின்றோம்.

பின்னேரம் வெளிப்பக்கத்தில் வலை போட்டோம். ஒரா மீன் பத்துக்கு மேல். மண்பெட்டி அடுப்பில் சொதி வைத்தார். கடல்தாவரமான சாதாளையை மேயும் மீன் என்பதால் குடலை எடுக்கும்போது கவனமாக எடுக்கவேண்டும், உடைந்தால் சொதி கசக்கும். அந்தச் சொதிக்கு நான் வேறு எதையும் ஒப்பிடமாட்டேன்.

மூன்றாம் நாள்

நாற்பத்தாறு பட்டை. ஓடியதில் கூடியிருக்கிறது.

இன்று வள்ளத்தைக் கரையேற்றினோம். இங்கே வத்தும் பெருக்கும் பெரிதாக இராது, ஆனாலும் பெருக்கு நேரம் பார்த்து இழுத்தால் பாரம் குறையும். தீவில் தங்கித் தொழில் செய்யும் ஆறு பேர் கேட்காமலே வந்தார்கள். பனங்குற்றிகளை அடியில் வைத்து உருட்டினோம். பின்னால் விடுபடும் குற்றியை எடுத்து முன்னால் போட ஒரு சின்னப் பொடியன் ஓடிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு பக்கம் சாய்த்து, மணல் மூட்டை வைத்து அண்டை கொடுத்தோம்.

அடி முழுவதும் பாசியும் கொட்டலசும். கொட்டலசு பொல்லாதது. சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கூடு, விளிம்பு சவர அலகு மாதிரி. தேங்காய் மட்டையால் பாசியைத் தேய்த்து, தட்டையான உளியைச் சாய்த்துப் பிடித்துக் கொட்டலசைச் சுரண்டவேண்டும். உளியை நிமிர்த்திப் பிடித்தால் பைபரையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். காய்ந்த பிறகு அது கல். எனவே ஈரம் காயமுன் சுரண்டிவிட வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் குந்திவிட்டோம். எனக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரு பாய் அளவு இடம் முடிந்தது. பெரியப்பா அதற்குள் மீதி முழுவதையும் முடித்திருந்தார்.

அடுத்த வேலையைத்தான் நான் மறக்கமாட்டேன். பெரியப்பா உளியைத் திருப்பி, மரப்பிடிப் பக்கத்தால் வள்ளத்தைத் தட்டத் தொடங்கினார். அணியத்திலிருந்து ஒரு சாண், ஒரு சாணாக. டக், டக், டக். காதைப் பலகைக்குக் கிட்ட வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி தட்டினார். பைபரும் மரமும் ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் இறுக்கமாக வரும். ஒட்டு விட்ட இடத்தில், முற்றிய இளநீரைத் தட்டுவது போல, உள்ளே வெறுமையாகக் கேட்கும். கடையாலுக்குக் கிட்ட, அடிமரமான ஏராவுக்கு இடப்பக்கம் வந்ததும் கை நின்றது. திரும்பத் தட்டினார். "கேள்," என்று என் தலையைப் பிடித்து அதில் வைத்தார்.

டொப்.

கரித்துண்டால் சுற்றி வட்டம் போட்டார். பார்வைக்கு அங்கே ஒரு கீறலும் இல்லை. நிறம்கூட மாறவில்லை. அரம்பத்தால் வட்டத்தை வெட்டிப் பைபரைப் பெயர்த்தபோது உள்ளிருந்து கறுத்த தண்ணீர் ஒழுகியது. பழஞ்சோற்றுப் பானையின் அடிமணம். கீழே இருந்த பலகை ஈரத்தில் ஊறி, விரல் நகத்தால் கீறினால் நார் நாராக வந்தது. பலகைப் பொருத்தில் அடைத்திருந்த கலப்பற்று முழுவதும் உக்கிப்போயிருந்தது. கடல் அந்த வழியாக ஏறி, பைபருக்கும் மரத்துக்கும் இடையில் நடந்து, வேறோர் இடத்தில் உள்ளே இறங்கியிருக்கிறது. நாங்கள் ஒரு வருடமாக உள்ளே ஒழுகும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தோம்.

பெரியப்பாவின் தகப்பன் காலத்தில் பைபர் இல்லை. பருத்தி நூலையோ சணலையோ பொருத்துக்குள் உளியால் அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். பருத்திப் பாயையும் வலையையும் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். உக்கமாட்டாது, நிறமும் கறுத்துவிடும். வருடா வருடம் செய்யவேண்டிய வேலை. பைபர் வந்ததும் அந்த வேலை போனது. ஆனால் மரத்துக்கு மேல் பைபர் பூசினால் மரம் மூச்சு விட வழியில்லை, உள்ளே போன ஈரம் அங்கேயே இருந்து தின்னும். இந்த உண்மையை யாரும் எழுதி வைக்கவில்லை. பெரியப்பாவின் காதில் இருக்கிறது. எனக்கு அதுதான் கவலை.

உக்கிய பலகைத் துண்டை வெட்டி எடுத்து, தீவில் கிடந்த பழைய வேம்புப் பலகையில் அளவாகச் சீவிப் பொருத்தினோம். பொருத்தில் நூல் அடித்தோம். பிறகு காயவிட்டோம்.

நான்காம் நாள்

எண்ண ஒன்றும் இல்லை, வள்ளம் தரையில்.

காலையில் பனி காய்ந்ததும் ரெசின் கலக்கினோம். உச்சி வெயிலில் கலக்கினால் கால் மணி நேரத்துக்குள்ளேயே தகரத்தில் கட்டியாகிவிடும் என்பதால் காலைதான் சரி. ஹார்டனர் அளவாக விட்டு, பூசி, காத்திருந்தோம். மத்தியானம் ஆகியும் விரலில் ஒட்டியது. பின்னேரமும் பிசுபிசுப்புத்தான். ஹார்டனர் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல். எனக்கு விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திராது. ஒரு குடும்பத்தின் வள்ளம் அந்தச் சின்னப் போத்தலை நம்பிக் கடலுக்குப் போகிறது என்பதை நினைக்க எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

பெரியப்பா கோபப்படவில்லை. தின்னரில் துணியை நனைத்து முழுவதையும் துடைத்து எடுக்கச் சொன்னார். அதற்கே பொழுது சாய்ந்தது. பக்கத்து வாடியில் இருந்தவர் தன்னிடம் மிச்சம் இருந்த ஹார்டனரைக் கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை.

ஐந்தாம் நாள்

இந்த முறை பிடித்தது. ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் சரிவாகத் தேய்த்து, முதல் துண்டு சின்னதாக, அடுத்தது அதைவிட நாலு விரல் பெரிதாக, இப்படி நாலு அடுக்கு. பைபர் பாய் வெள்ளையாக இருக்கும். ரெசினில் ஊற ஊற வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும். எங்காவது வெள்ளைப் பொட்டு நின்றால் அங்கே காற்று இருக்கிறது. தூரிகையை இழுக்கக்கூடாது, குத்திக் குத்திக் காற்றை ஓரத்துக்குத் தள்ளவேண்டும். பத்து மணிக்குள் கல்லாகிவிட்டது. பெரியப்பா மரப்பிடியால் தட்டினார். டக். என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

காய்ந்த நேரத்தில் பாயைப் பார்த்தோம். தறப்பாளுக்கு எதிரி வெயில். மடிப்பு விழும் இடம் வெளுத்து, பெருவிரலால் அழுத்தினாலே கிழிகிறது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் துண்டை இரண்டாக மடித்து, ஓரத்துக்குள் கயிறு வைத்துச் சாக்கு ஊசியால் தைத்தோம். மூங்கில் உரசும் இடத்துக்குச் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டுப் போட்டோம். 2009இல் முகாமில் இதே தறப்பாளின் கீழ்தான் ஒரு வருடம் குடும்பத்தோடு இருந்ததாகப் பெரியப்பா தைத்தபடியே சொன்னார். "அப்ப வெயிலுக்கும் மழைக்கும் மேல பிடிச்சம். இப்ப காத்துக்குப் பிடிக்கிறம்." அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் வள்ளம் தண்ணீருக்குப் போனது. என்ஜின் கிளம்பவில்லை. பிழை என்னுடையது. இந்த என்ஜின்களைப் பெற்றோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பு திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். இல்லையென்றால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், ஆறிய என்ஜினில் அது பற்றாது. வலை எடுத்து வந்த அன்று என்னிடம் நிறுத்தச் சொன்னார், நான் அப்படியே நிறுத்தியிருக்கிறேன். பிளக்கைக் கழற்றினால் கரியும் எண்ணெயும். காபரேற்றர் அடியிலிருந்த ஆணியைத் தளர்த்தி வடியவிட்டு, புதுப் பிளக் போட்டு, நாலாவது இழுவையில் கிளம்பியது. குளிர்தண்ணீர் துப்பும் துளையில் சாதாளை அடைத்திருந்ததையும் தூண்டில் நரம்பான தங்கூசித் துண்டால் குத்தி எடுத்தார். அந்தத் தண்ணீர் நின்றால் என்ஜின் வெந்துபோகும், எனவே ஓடும்போதெல்லாம் ஒரு கண் அதில் இருக்கவேண்டும்.

இரவு நங்கூரத்தில் படுத்திருந்தோம். தெற்கே குருசு வெள்ளி ஏறியிருந்தது. மேற்கே, தொலைவில், வரிசையாக வெளிச்சங்கள். அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து வரும், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகுகள். 2017இல் இலங்கையில் இழுவைமடிக்குச் சட்டம் தடை போட்டது, ஆனால் அந்த வெளிச்சம் வரும் இரவுகளில் பெரியப்பா தூங்குவதில்லை. வலை போனால் போனதுதான். "அவையளும் எங்கட பாசைதான் கதைக்கினம் தம்பி. அதுதான் நோகுது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938இல் பாய் விரித்தே அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம்வரை போன கதையைத் தொடங்கினார். அவர் தகப்பன் சொன்ன கதை. பாதியில் என் கண் சொக்கிவிட்டது.

ஆறாம் நாள்

விடிய இறைத்தேன். ஏழு பட்டை. இரண்டு தடவை எண்ணினேன். பெரியப்பா விரலை நனைத்து ருசி பார்த்து, "அரைவாசி பனி," என்றார்.

மத்தியானம் வரை சின்ன வேலைகள். கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டோம், உப்பு நாருக்குள் இறுகினால் கயிறு உள்ளிருந்து அறும். சுக்கான் முளைக்குக் கொழுப்புத் தடவினோம். நங்கூரக் கயிற்றை முனை மாற்றிக் கட்டினோம், எப்போதும் ஒரே இடம் கல்லில் தேயாமல் இருக்க. இவற்றுக்கு எவரும் நாள் ஒதுக்குவதில்லை, சோறு வேகும் நேரத்தில் செய்வதுதான்.

மேற்கிலிருந்து காற்று எழும்பியதும் பாய் ஏற்றினோம். புதுத் தையல் இறுகி நின்றது. பெரியப்பா சுக்கானை என்னிடம் தந்துவிட்டு அணியத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ஜினைத் தொடாமலே இரணைமாதாநகர் கரைக்கு வந்தோம். பெரியம்மா ஒடியல் கூழ் காய்ச்சி வைத்திருந்தா.

இதை மறுநாள் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். பெருவிரலில் ரெசின் இன்னும் போகவில்லை. இரவு இங்கே இடியோடு மழை, அங்கேயும் பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். காலை ஆறு மணிக்குப் பெரியப்பாவின் அழைப்பு.

"பன்னெண்டு," என்றார். "எல்லாம் மழைத்தண்ணி. நக்கிப் பாத்தனான்."